எல்லாவற்றையும் வாசிக்காமல் தேடலைச் சோதிப்பது எப்படி?



பிளாக்டவுனில் ஒரு சனிக்கிழமை, பழைய உரைகளின் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது வயதான ஒரு அம்மா வந்து, "தம்பி, 95 இடப்பெயர்வு பற்றி நான் பேசினது இருக்குதோ?" என்று கேட்டார். "இடப்பெயர்வு" என்று தட்டிப் பார்த்தோம். இல்லை என்றது கணினி. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிறகு ஒலிநாடாப் பெட்டியைக் கிளறியபோது அந்த உரை கிடைத்தது. பட்டியல் எழுதியவர் அதற்கு "வலிகாமம் விட்டு வந்த இரவு" என்று தலைப்பிட்டிருந்தார்.

ஒரு தேடல் கருவி நல்லதா, கெட்டதா என்று எப்படி அறிவது? அதற்கு ஒரு சோதனைத் தொகுப்பு வேண்டும். அதில் மூன்று விடயங்கள் இருக்கும்: ஆவணங்கள், கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்ற மனிதத் தீர்ப்பு. 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்பவர் 1,400 விமானவியல் ஆவணங்களையும் 225 கேள்விகளையும் கொண்டு இப்படி ஒரு தொகுப்பை உருவாக்கினார்.

சிக்கல் அந்த மூன்றாவது விடயத்தில்தான். ஒரு கணக்குப் போடுவோம். 5 இலட்சம் ஆவணங்கள், ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் ஏறக்குறைய 4,167 மணித்தியாலம். வாரம் 38 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு 109 வாரங்களுக்கு மேல் பிடிக்கும். அதாவது விடுமுறையே எடுக்காமல் இரண்டு வருடத்துக்கும் கூட. அதுவும் ஒரே ஒரு கேள்விக்கு!

1975இல் கரன் ஸ்பார்க் ஜோன்ஸ், வான் ரைஸ்பெர்கன் ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ட்ரெக் என்ற தேடல் சோதனைத் திட்டம் அதைப் பின்பற்றியது. பல தேடல் கருவிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். ஒவ்வொன்றும் தரும் முதல் 100 பதில்களை ஒரே குவியலாக்கி, திரும்ப வந்தவற்றை நீக்கிவிட்டு, அந்தக் குவியலை மட்டும் மனிதர் வாசிப்பார். குவியலுக்குள் வராத எதுவும் பொருத்தமற்றது என்று கொள்ளப்படும்.

கணக்காளனாகிய எனக்கு இந்தக் கடைசி வசனம் உறுத்துகிறது. கணக்காய்வில் நாமும் எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் பார்ப்பதில்லை. ஆனால் பார்க்காத சீட்டை இல்லாத சீட்டு என்று எழுதுவதில்லை.

இதைச் சோதித்தவர் மெல்பேர்ணில் இருந்த ஜஸ்ரின் சோபல். குவியல் முறை பொருத்தமான ஆவணங்களில் அதிகபட்சம் 50 முதல் 70 வீதத்தைத்தான் கண்டுபிடித்திருக்கும் என்று 1998இல் காட்டினார். ஆயினும் இரண்டு கருவிகளில் எது சிறந்தது என்று ஒப்பிட அந்த முறை போதும் என்றும் அவர் கண்டார்.

அடுத்த படியும் மெல்பேர்ணில்தான். அலிஸ்ரெயர் மொஃபட், வில்லியம் வெபர், சோபல் ஆகியோர் 2007இல் எந்த ஆவணத்தை வாசித்தால் கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அதிகம் தெரியுமோ அதை முதலில் வாசிக்கும் முறையைச் சொன்னார்கள். அதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெறுமதி வேண்டும். ஒரு பதிலைப் பார்த்தவர் அடுத்ததையும் பார்க்கும் வாய்ப்பு 80 வீதம் என்று கொள்ளுங்கள். ஒரு டொலரில் முதல் இடத்துக்கு 20 சதம், இரண்டாவதற்கு 16, மூன்றாவதற்குக் கிட்டத்தட்ட 13. வர்த்தகம் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு: குறைந்துசெல்லும் மீதி முறையில் பெறுமானத் தேய்வு!

முதல் பத்துப் பதில்களை வாசித்தால் டொலரில் 89 சதம் முடிந்துவிடும். மீதி 11 சதத்தை இவர்கள் பூச்சியம் என்று மறைப்பதில்லை. "இவ்வளவு இன்னும் தெரியாது" என்று கணக்கிலேயே காட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தமிழுக்கு என்ன? இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஃபயர் என்ற திட்டம் வங்காளம், இந்தி, மராத்தி ஆகியவற்றில் இத்தகைய தொகுப்புகளை உருவாக்கியது. பின்னர் தமிழும் சேர்ந்தது. அண்மைய ஆண்டுகளில் தீர்ப்புச் சொல்லும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடமே கொடுக்கலாம் என்கிறார்கள். செலவு குறையும், உண்மை. ஆனால் தேடுவதும் அதே வகை இயந்திரம், புள்ளி போடுவதும் அதே வகை இயந்திரம் என்றால், மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போலாகிவிடும். "வலிகாமம் விட்டு வந்த இரவு" என்றால் எந்த இரவு என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியுமா? ஒரு பகுதியையாவது நம்மவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

நமது பட்டியலுக்கும் இதே முறையைப் பின்பற்ற எண்ணியுள்ளோம். நேயர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சிலவற்றை எடுத்து, இரண்டு தேடல் முறைகளின் முதல் பத்துப் பதில்களை மட்டும் தொண்டர்கள் பார்ப்பார்கள். தாளில் மூன்று நிரல்கள் இருக்கும்: பொருந்தும், பொருந்தாது, பார்க்கவில்லை. மூன்றாவதை யாரும் இரண்டாவதோடு சேர்க்கக் கூடாது.

கோப்பில் இல்லை என்ற ஒரு சொல்லால் நம்மில் பலர் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. நேரம் உள்ளவர்கள், குறிப்பாக ஊர்ப் பெயர்கள் நன்கு தெரிந்த மூத்தவர்கள், நிலையத்துக்கு வாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.