ஓடமில்லா ஓடத்துறை

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதி, பாரிஸில் செயின் நதி. படகில் அமர்ந்தால் ஒரு மணி நேரத்தில் நகரத்தின் சரித்திரமே கண்முன் நகர்ந்து போகும். காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக் கிடக்கும் திருவரங்கத் தீவு இதில் இளைத்ததல்ல. முக்கொம்பிலிருந்து கிழக்கே மிதந்து வந்தால், இடப்புறம் அம்மா மண்டபத்துப் படித்துறை, அதற்கப்பால் 1987-இல் நிறைவுற்ற 236 அடி ராஜகோபுரம், வலப்புறம் மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையார் நெடுந்தூரம் கூடவே வருவார்!

ஆனால், படகு எங்கே? பாலம் எழுந்ததும் ஓடக்காரர் பிழைப்புப் போயிற்று. இன்றைய பாலம் 1976-இல் வந்தது. தென்கரையில் 'ஓடத்துறை' என்ற பெயர் மட்டும் மிஞ்சிற்று.

பாலத்தை மட்டும் குறை கூறுவானேன்? கொள்ளிடத்துக்கு ஓடிய நீரைக் காவிரிக்குத் திருப்ப 1836-இல் முக்கொம்பில் அணை கட்டினார் ஆர்தர் காட்டன். 1934 முதல் ஆற்றின் சாவி மேட்டூரில் இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், அணையில் நீரிருந்தால்தான். கோடையில் மணல்வெளி. பெருக்கெடுத்தாலோ, 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் 9 மதகுகளை வெள்ளம் வாரிச் சென்றதே, அந்த வேகம். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மாதங்களை நம்பிப் படகு வாங்க யார் துணிவார்?

வறண்ட ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் வரும் பெண்கள், குழாய்த் தண்ணீரில் நீராடி, மணலைப் பார்த்தே காவிரித் தாய்க்குப் பூஜை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள்.