பாயை விரித்துப் பார்த்து வாங்குங்கள்

எங்கள் பக்கத்துக் கல்யாணச் சீரில் பத்தமடைப் பாய் இல்லையென்றால் பெரியவர்களுக்கு மனசு நிறையாது. பொண்ணு, மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து வாங்குவது வழக்கம். போன வருஷம் தங்கை மகள் கல்யாணத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கத் தவறிவிட்டோம். கடைசி நேரத்தில் குற்றாலம் சீசன் கடை ஒன்றில், "ஒரிஜினல் பத்தமடை" என்ற பேச்சை நம்பி ஒரு பாய் வாங்கினோம். சுந்தரபாண்டியபுரம் வீட்டுத் திண்ணையில் விரித்ததும் பிளாஸ்டிக் நெடி அடித்தது. வெளிநாட்டுச் சரக்கோ, உள்நாட்டு மெஷினில் ஓட்டியதோ, கோரை என்று ஒரு இழைகூட அதில் இல்லை. பில்லும் வாங்கவில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. அங்கே நெய்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். பச்சைக் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறியதை மறுபடி நூல்போலக் கீறிச் சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து அச்சால் அடிப்பார்கள். மிக நயமான பட்டுப்பாயைத் துணிபோல மடிக்கலாம். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகப் போனது இந்த ஊர்ப் பாய்தான். இத்தனை பாடுபட்டு நெய்த பாயைப் பிளாஸ்டிக் பாயின் விலைக்குக் கேட்பது நியாயமே இல்லை.

'பத்தமடைப் பாய்' என்ற பெயருக்குச் சட்டக் காவல் இருப்பது பலருக்குத் தெரியாது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி 2012-13இல் அந்தப் பெயர் பதிவானது. வேறெங்கோ செய்த பாயைப் பத்தமடை என்று பொய்ப்பெயர் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை; ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். நெசவாளர்களும் தனித்தனியே 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். படித்த பிள்ளைகள் தங்கள் ஊர் அம்மாமாருக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அது பெரிய உதவி.

பாயில் ஏமாந்தால் பணம்தான் போகும்; தரமில்லாத பொம்மையில் பணத்தோடு பிள்ளைகளின் உடம்பும் சேர்ந்து கெடும். இந்தியத் தரக் கழகம் 2019இல் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அரசிடம் பதிந்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. ஆகவே அம்பாசமுத்திரம் மரச்சொப்பு வாங்கும்போது, செய்தவரிடம் கைவினைஞர் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பாக்கெட்டில் வரும் வெளிநாட்டுப் பொம்மையென்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு என்ற விவரம் அச்சில் இருக்க வேண்டும். இல்லாததைத் தொடவே வேண்டாம்.

மறுபடி பாய்க்கு வருவோம். அதைச் சோதிக்க ஒரு சின்ன வழி உண்டு. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டுங்கள். கோரை புல்போல எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு மணியாகும்.

பில்லில் வெறுமனே 'பாய்' என்று எழுதினால் போதாது. 'பத்தமடை கோரைப் பாய்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். அப்படி எழுதி வாங்கியும் ஏமாந்தால், பாயையும் பில்லையும் பத்திரமாக வைத்து, இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.