தெரிகிறது, எடுக்க முடியவில்லை

வேல்ஸில் உள்ள நியூபோர்ட் நகரின் குப்பைமேட்டில் எங்கோ ஒரு ஹார்ட் டிஸ்க் புதைந்திருக்கிறது. ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவருடையது. 2013-ல் தவறுதலாகக் குப்பையோடு போய்விட்டது. அதோடு போனவை ஏறத்தாழ 8,000 பிட்காயின்கள். 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபோது, அவற்றின் மதிப்பு 80 கோடி டாலர்!

ஆனால் அந்த டிஸ்க்கில் ஒரு காசுகூட இல்லை. பிட்காயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி பதிந்திருக்கும் கணக்குப் பேரேடு. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிஸ்க்கில் இருந்தது, அந்த இருப்பை நகர்த்துவதற்கான ரகசிய எண் மட்டுமே. அந்த எண்ணிலிருந்து முகவரியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்கிடலாம். முகவரியிலிருந்து எண்ணுக்குத் திரும்ப, இன்றைய கணினிகளுக்கு வழி இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்றால், சாத்தியங்கள் ஒன்றுக்குப் பின்னால் 77 பூஜ்யங்கள். திருடனைத் தடுக்கும் அதே கணிதம் உரிமையாளரையும் தடுக்கிறது. அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. முறையிட மேலாளரும் கிடையாது.

இந்த இழப்பு மனத்தை ஏன் இப்படி அரிக்கிறது? பணம் அழிந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். இங்கே அது அப்படியே இருக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது. அமெரிக்க ஆய்வாளர் போலீன் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களைக் கவனித்து, முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை 1970-களில் உருவாக்கினார். உடல் கிடைக்காத மரணத்தில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. மனிதரையும் பணத்தையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் மனம் சிக்கிக்கொள்ளும் விதம் ஒன்றுதான் என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கையும் முழுக்க வீண் இல்லை, அதுதான் கொடுமை. 2013-ல் பூட்டப்பட்டு, கடவுச்சொல் தொலைந்துபோன 43.6 பிட்காயின்களை ஜோ கிராண்ட் என்ற வல்லுநர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து மீட்ட செய்தி 2024-ல் வெளியானது. அவர்கள் கணிதத்தை உடைக்கவில்லை. கடவுச்சொல்லை உருவாக்கிய பழைய மென்பொருள், கணினிக் கடிகாரத்தைப் பார்த்தே அதைத் தந்திருந்தது. தேதியையும் நேரத்தையும் பின்னோக்கித் தேடிப் பிடித்தார்கள்.

எல்லோருக்கும் அப்படி ஓர் ஓட்டை கிடைக்காது. குப்பைமேட்டைத் தோண்ட ஹவல்ஸ் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டெஃபான் தாமஸிடம் 7,002 பிட்காயின்களின் சாவிகள் ஒரு சிறிய யுஎஸ்பி கருவியில் இருந்தன. கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். பத்து முறை தவறினால் கருவி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்; எட்டு முறை தவறியிருந்தார்.

இத்தகைய இழப்பிலிருந்து விடுபட முயல்வதைவிட, ‘போய்விட்டது’, ‘ஒருவேளை திரும்பலாம்’ என்ற முரண்பட்ட இரு எண்ணங்களையும் ஒருசேரத் தாங்கப் பழகுவதே வழி என்பார் பாஸ். மன நலத்துக்காக அதைக் கடந்த காலமாக விட்டுவிடத் தீர்மானித்ததாக 2021-ல் தாமஸ் சொன்னார். ஆனால் கருவியை எறிந்துவிடவில்லை. பத்திரமான ஓரிடத்தில் வைத்திருந்தார், யாராவது புது வழி கண்டுபிடித்தால் உதவுமே என்று.