வால்வு வானொலி பழுதுபார்ப்பும் சேகரிப்பும்

வால்வு வானொலி என்பது டிரான்சிஸ்டர் பரவலாவதற்கு முன்பு, வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இயங்கிய வானொலிப் பெட்டி ஆகும். சென்னையில் 1924 ஆம் ஆண்டு மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 இலும் திருச்சி நிலையம் 1939 இலும் தொடங்கப்பட்டன. மர்பி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி. ஆகியவை தமிழக வீடுகளில் அறியப்பட்ட பெயர்கள். பெட்டி வைத்திருப்போர் அக்காலத்தில் தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. அந்த உரிமப் புத்தகங்களையும் இன்று சேகரிக்கிறார்கள்.

வகைகள்

மின்மாற்றி உள்ள பெட்டிகளில் இசிஎச் 81, இஎல் 84 போன்ற 6.3 வோல்ட் வால்வுகள் இருக்கும். மின்சாரம் எட்டாத ஊர்களில் 90 வோல்ட் உலர் மின்கலத்தில் ஓடும் பெட்டிகள் பயன்பட்டன. மூன்றாவது வகை ஏசி/டிசி பெட்டி. இதன் யூசிஎச் 81 வரிசை வால்வுகளின் இழைகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தாலும் எல்லாம் அணைந்துவிடும். இதில் மின்மாற்றி கிடையாது. மின்கம்பியின் ஒரு முனை நேராக சேசிஸில் சேரும். செருகியைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட் பாயும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் இவ்வகையைத் திறக்கக் கூடாது.

பழுதுபார்த்தல்

பரணிலிருந்து இறக்கிய பெட்டியை "பாடுகிறதா பார்ப்போம்" என்று உடனே மின்சாரத்தில் செருகுவதே பெரிய தவறு. வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கெடுவது கண்டன்சர்கள். குறிப்பாக, வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குச் செல்லும் காகிதக் கண்டன்சர் கசிந்தால் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் ஏறும். வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி, வெளியீட்டு மின்மாற்றியையும் எரித்துவிடும். சில ரூபாய் பெறும் கண்டன்சரை முதலில் மாற்றினால் கிடைத்தற்கரிய மின்மாற்றி தப்பும்.

அடுத்து, 60 வாட் இழை பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்பார்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று உள்ளது என்று பொருள். அணைத்த பிறகும் வடிகட்டிக் கண்டன்சரில் சுமார் 250 வோல்ட் தங்கியிருக்கலாம். மின்தடை ஒன்றின் வழியாக அதை இறக்கிய பின்பே கை வைக்க வேண்டும். டயல் நூல் அறுதல், எலி கடித்த வயர், பூச்சி அரித்த ஸ்பீக்கர் காகிதம் ஆகியவை பொறுமை இருந்தால் தீரும் பழுதுகள்.

சேகரிப்பு

பழைய கண்டன்சரின் கூட்டுக்குள்ளேயே புதியதைப் பொதிந்து வைப்பது கவனமுள்ள சேகரிப்பாளர்களின் வழக்கம். மரப்பெட்டியைக் குடைந்து புளூடூத் பொருத்துவதும் நடக்கிறது. அதன்பின் அது வானொலி அல்ல, மேசை அலங்காரம். சீரமைத்த பெட்டியில் மத்திய அலையில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸிலும் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸிலும் தேடப்படுகின்றன. எல்இடி விளக்குகளும் கைபேசி சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சலைக் குறைக்க, மொட்டை மாடியில் நீளமான ஏரியல் கம்பி கட்ட வேண்டியிருக்கும்.