சித்திரை வெயிலில் செயலி ஏன் கொதிக்கிறது?

மலையடிவாரம்தான் என்றாலும், சித்திரை மதியத்தில் வத்திராயிருப்பு வீட்டு அறை 36 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த அறையில் ஒரு பையன் தன் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, அதன் செயலியை (பிராசஸரை) அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறான்.

வேகம் கூடினால் சூடு ஏன் கூடுகிறது? செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் துடிப்புக்குத் துடிப்பு மின்னேற்றம் பெற்று இறக்குகின்றன. அந்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாகிறது. வேகத்தோடு வெப்பம் நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் 33 சதவீதம் கூடிவிடும். வோல்டேஜில் கை வைக்க நான் தயங்குவது இதனால்தான்.

எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அறைக்காற்றைவிடச் செயலியைக் குளிர்விக்க முடியாது. 22 டிகிரி அறையில் 70 காட்டிய செயலி, நம் ஊர் மதியத்தில் ஏறக்குறைய 84 காட்டும். குளிர்தேசத்து வீடியோக்களின் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

செயலிக்குள்ளேயே சென்சார்கள் உண்டு. கோர் டெம்ப், ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றைப் படித்துக் காட்டும். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. அரைமணி நேரமாவது முழு வேலை கொடுத்து, தொட்ட உச்சத்தைப் பாருங்கள். 80-க்குள் இருந்தால் நிம்மதி. 90-ஐ நெருங்கினால் வோல்டேஜைக் குறையுங்கள். பல இன்டெல் செயலிகள் 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசையில் பல 95-லும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஓவர்கிளாக் செய்து என்ன பயன்?

ஃபேனில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, இதே சோதனையை மதியம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள்.