அணைத்த விளக்கும் அடிக்கும்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

1831 ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர், காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். அதற்கு நூறாண்டுகளுக்குப் பின், 1932 ஆம் ஆண்டில், நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்றோ குக்கிராமத்துக் குடிசையிலும் மின்விளக்கு எரிகிறது. சிறு குழந்தைக்கும் சுவிட்சைத் தட்டத் தெரிகிறது. ஆனால் அந்தச் சுவிட்சு எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கின் ஹோல்டர் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. என் தந்தையார் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூலின் மீது ஏறி, ஹோல்டரைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்த கம்பியில் விரல் பட்டதுதான் தாமதம், தூக்கி எறியப்பட்டுக் கீழே விழுந்தார். வலக்கை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் வேலைக்குப் போக இயலவில்லை. அன்றாடம் கூலி வாங்கி உலை வைக்கும் வீட்டில் இரண்டு மாதம் என்பது எவ்வளவு நீளமானது என்பதை விளக்கத் தேவையில்லை.

"நம்ம நேரம் சரியில்லை" என்றார் அம்மா. அப்பாவோ பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், "சுவிட்சை அணைச்சிட்டுத்தானே கை வச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் தெருவில் அதற்கு விடை சொல்ல ஆளில்லை. அந்த விடை எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில்தான் கிடைத்தது.

சுவிட்சின் இடம் எது?

நம் வீட்டு விளக்குக்கு வருபவை இரண்டு கம்பிகள். ஒன்று ஃபேஸ், மற்றொன்று நியூட்ரல். நியூட்ரல் கம்பி டிரான்ஸ்பார்மர் அருகே தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே அதற்கும் தரைக்கும் இடையே மின்னழுத்தம் பெரும்பாலும் இராது. ஃபேஸ் கம்பிக்கும் தரைக்கும் இடையிலோ 230 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. தரையில் நிற்பவர் ஃபேஸைத் தொட்டால், மின்னோட்டம் அவர் உடல் வழியே மண்ணுக்குப் பாய்கிறது.

சுற்று முழுமையானால்தான் விளக்கு எரியும். இரு கம்பிகளில் எதைத் துண்டித்தாலும் விளக்கு அணைந்துவிடும். ஆபத்து மறைந்திருப்பது இங்கேதான். ஏரிப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். மடையை அடைத்தால் வாய்க்கால் வறண்டுவிடும். மடையைத் திறந்து வைத்துவிட்டு வாய்க்காலின் கடைசி முனையை அடைத்தாலும் நீரோட்டம் நிற்கும். ஆனால் வாய்க்கால் நிறைய நீர் நிற்கும். கரையில் எங்கே உடைத்தாலும் பாயும்.

ஃபேஸ் கம்பியில் வைத்த சுவிட்சு, மடையை அடைப்பது போன்றது. நியூட்ரலில் வைத்த சுவிட்சு, கடைமுனையை அடைப்பது போன்றது. பின்னதில் விளக்கு எரியாது. ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். எங்கள் வீட்டில் இணைப்புக் கொடுத்தவர் சுவிட்சை நியூட்ரலில் வைத்திருந்தார். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்ததால், யாருக்கும் ஐயம் தோன்றவில்லை.

இதனை வயர்மேன் டெஸ்டரைக் கொண்டே கண்டுபிடிப்பார். சுவிட்சை அணைத்தபின் ஹோல்டரின் இரு முனைகளில் எதில் வைத்தாலும் டெஸ்டர் எரியக் கூடாது. எரிந்தால் இணைப்பு தவறு. ஆனால் எரிகிற டெஸ்டர்தானா என்பதை, மின்சாரம் உள்ள ஓரிடத்தில் முதலில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று துளைகள் எதற்கு?

பிளக் பாயிண்டை நேருக்கு நேர் பார்த்தால், மேலே உள்ள பெரிய துளை எர்த். கீழே வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். இங்கும் சுவிட்சு ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை வயர் இடுவது நெடுநாள் வழக்கம்.

பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும். நீளம் மிகுதியால் அது முதலில் தொட்டு, கடைசியில் பிரியும். தடிப்பால் வேறு துளையில் நுழையாது. இஸ்திரிப் பெட்டியின் உள்ளே ஃபேஸ் கம்பி உலோகத்தைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் எர்த் வழியே பெருமளவில் பாய்ந்து ஃபியூஸை எரித்துவிடும். எர்த் இல்லையேல், இஸ்திரி போடுபவர் கையே எர்த் ஆகிவிடும்.

ஃபியூஸ் காப்பது யாரை?

"ஃபியூஸ் இருக்கிறதே, பயமென்ன?" என்பார் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஈர உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்வோம். ஓம் விதிப்படி 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர். உயிரைப் போக்க இதுவே போதும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கோ இது ஒரு பொருட்டே அன்று, அசையாமல் இருக்கும். ஃபியூஸும் எம்.சி.பி.யும் காப்பது வயரை, மனிதனை அன்று.

மனிதனைக் காப்பதற்கு ஆர்.சி.சி.பி. என்னும் கருவி உண்டு. ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு வந்தால், நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால், அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே கவனத்துக்கு ஈடான கருவி இல்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பல்பு மாற்றுவதாயினும் மெயின் சுவிட்சை அணைத்த பின்பே கை வைக்க வேண்டும்.

2. பிளக் இல்லாத வயரின் நுனியைச் சீவி, தீக்குச்சியால் செருகுவது கூடாது.

3. எர்த் முள்ளை ஒடிக்கவோ, பிளக் பாயிண்டில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டவோ கூடாது. நியூட்ரல் அறுந்தால் கருவியின் உடல் முழுதும் மின்சாரம் ஏறும்.

4. எரிந்த ஃபியூஸுக்குக் கையில் கிடைத்த கம்பியைத் தடிப்பாகச் சுற்றக் கூடாது. மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் வெப்பம் நான்கு மடங்காகும்.

5. 1500 வாட் ஹீட்டருக்கு ஆறரை ஆம்பியர் தேவை. அதனை 6 ஆம்பியர் பாயிண்டில் செருகாமல், 16 ஆம்பியர் பாயிண்டில்தான் செருக வேண்டும்.

6. வயரிங் வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை வீட்டிற்கு அழைத்து வந்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். இரு கம்பிகளை இடம் மாற்றினார். அரைமணி நேர வேலைதான். அப்பாவுக்கு மடைக் கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ என் மேல தப்பில்லை" என்றார். எட்டு ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்த பாரம் அன்றுதான் இறங்கியது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓம் விதி தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதன்று. மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுச் சுவிட்சு எந்தக் கம்பியில் இருக்கிறது என்று கேட்டறியுங்கள். விளக்கு அணைந்தது என்பதற்காக மின்சாரமும் அணைந்தது என்று நம்பிவிடாதீர்கள்.