அடியில் கிடக்கும் மீனைத் தண்ணீர் காட்டிக்கொடுக்குமா?

மீன்தொட்டியில் பாசி தின்ன வாங்கிவிடும் ‘டேங்க் கிளீனர்’ தென்னமெரிக்க மீன். ஏரியில் விட்டால் ஓரடிக்கு மேல் வளரும், கரையைக் குடைந்து முட்டையிடும். உடம்பெங்கும் எலும்புக் கவசம். சிக்கினால் வலை கிழிவதுதான் மிச்சம். பகலில் அடியிலேயே பதுங்கிக் கிடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மீனைத் தேட வேண்டாம், தண்ணீரை மொண்டால் போதும்! மீனின் வழவழப்பிலும் கழிவிலும் உள்ள டிஎன்ஏ நீரில் கலந்திருக்கும். நீரை நுண்வடிதாளில் வடிகட்டி, அந்த மீனுக்கே உரிய டிஎன்ஏ துண்டைப் பிசிஆர் கருவியில் பெருக்கிப் பார்க்கிறார்கள். வெயிலில் இந்த டிஎன்ஏ சில நாளில் சிதைந்துவிடும். ஆகவே கிடைப்பது பெரும்பாலும் புதுத் தடயம்தான். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய (சிசிஎம்பி) ஆய்வாளர்கள் இப்படித்தான் கிழக்குத் தொடர்ச்சி மலை நீர்நிலைகளில் சுமார் 60 சதவீதத்தில் இந்த மீன் இருப்பதைக் கண்டார்கள்.

ஆரோவில் பக்கத்து வாசகர்களே, தொட்டி மீன் அலுத்துப்போனால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஊசுட்டேரியில் விடாதீர்கள்.